சாய்வு நாற்காலியில் ஒரு கோடை

சித்திரை பிறந்து ஆண்டுத் தேர்வுகள் முடிந்ததும் நெல்லைச் சீமையின் முஸ்லிம் ஊர்களில் பிள்ளைகளுக்கென இரண்டு ஏற்பாடுகள் தொடங்கிவிடும். ஒன்று, பெரியோர் செய்வது. பள்ளிவாசல்களில் காலை வேளைகளில் கோடைக்கால தீனிய்யாத் வகுப்புகள் கூடும். மற்றொன்று, பிள்ளைகள் தாமே செய்துகொள்வது. லுஹர் தொழுகைக்குப் பின் ஊர் அடங்கிப்போகும் வெயில் நேரத்தில் கதைப் புத்தகங்கள் கைமாறும். மேலப்பாளையமோ, பேட்டையோ, தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றுப் பக்கத்து ஊர்களோ, எங்கும் இதே காட்சிதான். கிழிந்த அட்டையோடு பைண்டு செய்யப்பட்ட 'பொன்னியின் செல்வன்', 1969இல் தொடங்கிய 'ராணி முத்து' மாத நாவல்கள், நாளொன்றுக்கு இத்தனை காசு என்று வாடகைக்குப் புத்தகம் தந்த கடைகளில் வாங்கி வந்த துப்பறியும் கதைகள் ஆகியவற்றைக் கொண்டே நம் தலைமுறையினரில் பலர் தமிழ் வாசிக்கப் பழகினர்.

ஆயினும் அந்த வாசிப்புக்கு வீட்டில் மரியாதை இருந்ததில்லை. நம் இல்லங்களில் வழங்கும் சொற்களையே நோக்கினால் இது விளங்கும். குர்ஆனை 'ஓதுகிறோம்', அதற்கு நன்மை உண்டு. பாடத்தைப் 'படிக்கிறோம்'; அதற்கு மதிப்பெண் உண்டு. 'கதைப் புத்தகமும் கையுமாகக் கிடப்பது' என்று வேறொரு வழக்கு உண்டு. அதற்கு இரண்டு ஏடுகளிலும் வரவு இல்லை. விடுமுறையில் இன்பத்திற்காக நாவல் வாசிப்பது வீண்பொழுதா, விலக்கப்பட்டதா, ஓய்வின் பொருட்டு மன்னிக்கப்பட்டதா, அன்றி அதற்கெனத் தனியே ஒரு பயன் உண்டா? இவ்வினாவை நம் அறிஞர்கள் மேலோட்டமாகவே தொட்டுச் சென்றிருக்கின்றனர். நெல்லையில் நெடுங்காலம் வாழ்ந்து இங்கேயே மறைந்த தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களை முன்வைத்து இதனைச் சற்று விரிவாக ஆராய முயல்வோம்.

கதை நமக்கு அந்நியமா?

நாவல் மேற்கிலிருந்து வந்த வடிவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கதை கேட்டு மகிழும் பழக்கம் தமிழ் முஸ்லிம்களுக்கு மேற்கிலிருந்து வந்ததன்று. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் இஸ்லாமிய நூலான வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரமசலா' 1572ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வினா-விடையாக அமைந்த அந்நூலில் கேட்போரின் ஆர்வத்தைத் தூண்டிச் செல்லும் முறை உண்டு. எட்டயபுரத்து உமறுப் புலவரின் சீறாப்புராணம் வீடுகளிலும் சபைகளிலும் ஓதி உரை சொல்லப்பட்டது. கிஸ்ஸாக்களும் படைப்போர்களும் பெண்கள் கூடிய முற்றங்களில் இராகத்துடன் வாசிக்கப்பட்டன. பலருக்கு எழுத்து தெரியாது. ஆனால் கதை தெரியும். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத் தமிழில் ஆக்கிய 'தாமிரப் பட்டணம்' நாவலுக்கு முன்னோடியானது என்று கருதுவோரும் உண்டு.

நாவல் தோன்றியபோதும் நாம் பிந்தி வந்தவர்கள் அல்லர். வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணியும் 'முஸ்லிம் நேசன்' இதழின் ஆசிரியருமான சித்திலெப்பை 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று அது போற்றப்படுகிறது. முஸ்லிம்களின் கல்விக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஒரு சீர்திருத்தவாதி, எகிப்தில் பிறந்த ஒரு பிள்ளையின் விறுவிறுப்பான கதையைச் சொல்வதைத் தம் பணிக்குக் குறைவாகக் கருதவில்லை. 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' எழுதியபோது, உ.வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதினார். 'தாருல் இஸ்லாம்' ஆசிரியர் பா. தாவூத்ஷா மார்க்க விளக்கங்களோடு நாவல்களும் எழுதியவரே. ஆகவே, 'நம் முன்னோர் கதையில் பொழுதைக் கழிக்கவில்லை' என்னும் கூற்று வரலாற்றோடு பொருந்தாது.

தடையும் சலுகையும்

கதை வாசிப்பை மறுப்போர் வழக்கமாக எடுத்துக்காட்டுவது லுக்மான் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கண்டிக்கும் வீண் பேச்சையே. மக்கத்து நள்ரு பின் ஹாரிஸ், பாரசீகத்து ருஸ்தம், இஸ்பந்தியார் கதைகளைக் கொண்டுவந்து குறைஷிகளைக் கூட்டிச் சொன்னான் என்று விரிவுரையாளர்கள் சிலர் இவ்வசனத்திற்குப் பின்புலம் கூறுவர். இசையையே இது குறிக்கிறது என்போரும் உண்டு. எவ்வாறாயினும், அவ்வசனம் தன் கண்டனத்தோடு ஒரு நோக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது: மக்களை இறைவழியிலிருந்து திருப்புவதற்காக அவ்வாறு செய்வது. நள்ரு செய்த குற்றம் கதை சொன்னது மட்டுமன்று, திருமறைக்குப் போட்டியாகக் கடை விரித்தது.

ஆதரிப்போர் காட்டும் சான்று ஹன்ளலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்களின் அவையில் இருக்கும்போதுள்ள உள்ளநிலை, மனைவி மக்களோடு இருக்கும்போது இல்லாமற்போவதைக் கண்டு அஞ்சி, தாம் நயவஞ்சகராகிவிட்டதாகவே அவர் முறையிட்டார். அதற்கு ஒரு வேளை, இதற்கு ஒரு வேளை என்னும் கருத்தில் நபியவர்கள் அவரைத் தேற்றினார்கள். இமாம் கஸ்ஸாலியும் இஹ்யாவில், களைத்த உள்ளத்திற்கு இளைப்பாறுதல் தந்தால்தான் அது மீண்டும் உழைக்கும் என்று வாதிடுகிறார்.

இச்சலுகை பெரிது, நன்றிக்குரியது. ஆனால் நாவல் வாசிப்பை இதன்மேல் மட்டும் நிறுத்தினால், நாவல் மருந்தாகிவிடும். களைப்பு தீர்ந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். ஐந்து நிமிடத்தில் களைப்பைத் தீர்க்கும் கைபேசிக் காணொளிகள் வந்தபின், ஐந்நூறு பக்க நாவலை எவர் தேடுவர்? ஓய்வு என்னும் வாதம் நாவலைக் காப்பாற்றுவது போலத் தோன்றி, உண்மையில் அதனைக் கைவிட்டுவிடுகிறது. நாவல் தரும் இன்பம் ஓய்வின் இன்பத்திலிருந்து வேறுபட்டது என்று காட்டினாலன்றி நம் வழக்கு நிலைக்காது. அதற்குக் கோட்பாட்டை விட்டு நூலுக்குள் நுழைய வேண்டும்.

மன்ஸிலின் நாற்காலி

தோப்பில் முஹம்மது மீரான் 1944இல் குமரி மாவட்டத் தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர். மலையாளவழிக் கல்வி பெற்றவர். நெல்லையில் குடியேறி மிளகாய் வற்றல் வணிகம் செய்தபடியே எழுதியவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாயிற்று. தொடர்ந்து 'துறைமுகம்', 'கூனன் தோப்பு' ஆகியவை வந்தன. 1997ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது 'சாய்வு நாற்காலி'.

இந்நாவலை நாம் முதன்முதலில் வாசித்தது 1998ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மேலப்பாளையத்தில் உறவினர் இல்லமொன்றின் நடுக்கூடத்தில். வாசித்தோம் என்பதைவிட வாசித்துக் காட்டினோம் என்பதே சரி. கண்பார்வை மங்கிய மூதாட்டி ஒருவர் அங்கே இருந்தார். இளமையில் படைப்போர்களைப் பாராமல் பாடியவர். 'அடிக்கடி சிரிக்கியே, என்னலே அது?' என்று கேட்டார். உரக்க வாசிக்கத் தொடங்கினோம். பத்து நாட்கள், அஸர் தொழுகை வரைக்கும் அந்த வாசிப்பு நீண்டது.

கதை எளியது. தென்பத்தன் கிராமத்தில் சவ்தா மன்ஸில் என்னும் பெரிய வீடு. மார்த்தாண்டவர்மா மன்னர் காலத்திலிருந்து பெருமை பேசிவரும் குடும்பம். அதன் வாரிசான முஸ்தபாக்கண்ணு உழைப்பதில்லை. முன்னோரின் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, நாவுக்குச் சுவையான உணவு கேட்டுக்கொண்டு, வீட்டுப் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். மனைவி மரியம் பீவியின் பாடு சொல்லுந்தரமன்று. அவ்வீட்டில் ஒரு பிரம்பும் உண்டு. பெண்களை அடிப்பதற்கென வழிவழியாக வைக்கப்பட்டிருக்கும் அதன் பெயர் அதபுப் பிரம்பு.

ஒருநாள் வாசிப்பு ஓய்ந்தபோது அந்த மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: 'இவன் உக்காந்திருக்கது நாற்காலி இல்லலே, சந்தூக்கு.' மையித்தைச் சுமந்து செல்லும் சந்தூக்கை அந்த மரநாற்காலியில் கண்டுவிட்டார் அவர். இந்நாவலைப் பற்றி அதன்பின் நாம் படித்த எத்தனையோ திறனாய்வுகளில் இத்துணைச் சுருக்கமான, இத்துணைப் பொருத்தமான ஒரு வாக்கியத்தைக் கண்டதில்லை. அவருக்குத் திறனாய்வுப் பயிற்சி இல்லை. அவரிடம் இருந்தது இன்பம். பத்து நாட்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்து, அடுத்த நாளுக்காகக் காத்திருந்த இன்பம். அந்த இன்பமே அவரை அந்த உருவகத்திற்குக் கொண்டு சேர்த்தது.

இங்கே ஒரு வேறுபாடு புலனாகிறது. முஸ்தபாக்கண்ணுவும் இன்பம் துய்ப்பவரே, அவரும் சாய்ந்திருப்பவரே. விடுமுறையில் நாவலோடு சாய்ந்திருக்கும் வாசகனுக்கும் அவருக்கும் தோற்றத்தில் பேதம் இல்லை. நம் பெரியோர்கள் கதை வாசிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசியது இந்த ஒற்றுமையைக் கண்டுதான். ஆனால் முஸ்தபாக்கண்ணுவின் இன்பம் பொருளைத் தின்று தீர்ப்பது; அவர் துய்க்கத் துய்க்க வீடு சிறுத்துப்போகிறது. கேட்பவரின் இன்பமோ பொருளைத் தீர்க்காமல் கூர்ந்து நோக்குவது. மரியம் பீவி என்னும், இல்லாத ஒரு பெண்ணின் பொருட்டுக் கேட்பவரின் உள்ளம் விரிகிறது. சோம்பலையும் இன்பத்தையும் ஒன்றென எண்ணிய நம் பழைய பிழையை இந்நாவலே திருத்திவிடுகிறது.

அந்தப் பிரம்பின் பெயரையும் நாம் மறக்கலாகாது. அதபு என்னும் அரபுச் சொல் நல்லொழுக்கத்தைக் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். 9ஆம் நூற்றாண்டில் பஸராவின் ஜாஹிழ், கஞ்சர்களைப் பற்றி நகைச்சுவை ததும்ப ஒரு நூலே எழுதினார். வினையத்தையும் விளையாட்டையும் கலந்து தந்து, வாசகனை மகிழ்வித்தே பண்படுத்துவது அவ்வழியினரின் முறை. அந்த மரபுக்கும் அதபு என்றே பெயர். அத்தகைய சொல் சவ்தா மன்ஸிலில் ஒரு பிரம்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஒரு சமுதாயம் தன் அதபின் பாதியை இழந்தால் மறுபாதி என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பென்சில் பிடித்த வாசிப்பு

நம் சொந்தத் தவறொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நூலாக வந்த காலத்தில், கல்லூரி மாணவராக இருந்த நாம் அதனைப் பென்சிலும் கையுமாக வாசித்தோம். சமுதாயத்தை இழிவுபடுத்தும் இடங்கள் எவை, பிற சமயத்தார் பார்த்தால் என்ன நினைப்பர் என்று ஓரங்களில் கோடிட்டோம். கொடுமைக்கார வடக்கு வீட்டு அஹமதுக்கண்ணு முதலாளிக்கு ஒரு கோடு. பாமரரை ஏமாற்றும் தங்ஙளுக்கு ஒரு கோடு. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் ஊருக்கு ஒரு கோடு. வாசித்து முடித்தபோது பட்டியல் ஒன்று இருந்தது, நாவல் இல்லை. அந்நாவல் முதலில் தொடராக வெளிவந்தது 'முஸ்லிம் முரசு' என்னும் நம் சமுதாய இதழிலேயே என்பதைக்கூட அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தகைய தணிக்கை வாசிப்பு இன்றும் மறைந்துவிடவில்லை. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வந்தபோதும் இக்கண்கொண்டே பலர் அதனைப் புரட்டினர். 'வீட்டுச் சங்கதியை வீதியில் சொல்லலாமா?' என்பதே வினா. இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருமறை தானே மிக அழகிய வரலாறு என்று அறிமுகப்படுத்தும் யூஸுஃப் அத்தியாயத்தை நோக்குவோம். 111 வசனங்களில் ஒரு வீட்டின் கதை. உடன்பிறந்தாரின் பொறாமை, கிணற்றில் எறிந்த கொடுமை, தந்தையிடம் உரைத்த பொய், ஒரு மாளிகைப் பெண்ணின் இச்சை, சிறை, பஞ்சம், இறுதியில் மன்னிப்பு. குற்றம் செய்தவர்கள் ஒரு நபியின் மக்கள். அக்குற்றம் மறைக்கப்படவில்லை. இதனால் யஃகூப் (அலை) அவர்களின் இல்லம் இழிவுற்றது என்று எந்த முஃமினும் கருதியதில்லை. இறைவாக்கையும் மனிதர் கற்பனையையும் ஒரு தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. அவ்வாறு வைத்தல் தகாது. ஆனால் ஒரு வீட்டின் குற்றத்தை உள்ளபடி சொல்வதே அவ்வீட்டுக்கு இழுக்கு என்னும் வாதத்திற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை என்பதற்கு இந்த எடுத்துக்காட்டுப் போதும்.

பல ஆண்டுகளுக்குப் பின், மற்றொரு விடுமுறையில் பென்சில் இல்லாமல் அதே நாவலை வாசித்தோம். அப்போது கண்ணில் பட்டவை வேறு. தமிழும் மலையாளமும் அரபும் ஒன்றில் ஒன்று கரைந்த அந்தக் கடற்கரைப் பேச்சின் மணம், அஞ்சி அஞ்சி வாழும் எளியோரின் உள்ளே ஒளிந்திருக்கும் குறும்பு, முதலாளியை எதிர்த்து நிற்கும் சுறாப்பீலி வணிகர் மஹ்மூதின் பிடிவாதம், ஆயிஷாவின் துயரம். முதலாளிகூட வெறும் கொடியவராகத் தெரியவில்லை. தம் குலப்பெருமை என்னும் நோயில் தாமே முதலில் வீழ்ந்தவராகத் தெரிந்தார். கோடிட்டபோது நாம் அவரைக் கண்டு வெட்கினோம். மகிழ்ந்து வாசித்தபோது அவரை அறிந்துகொண்டோம். அவரில் சிறுபகுதி நம்மிலும் இருப்பதையும் அறிந்துகொண்டோம்.

இன்பம் ஓர் அளவுகோல்

இன்பத்திற்காக வாசிப்பது மதிப்பீட்டைக் கைவிடுவதாகாதா என்று கேட்கலாம். மாறாக, நூலின் குறையையும் அதுவே நமக்குக் காட்டுகிறது. அதே நாவலில், ஊருக்குப் பள்ளிக்கூடம் கொண்டுவரும் ஆசிரியர் மெஹபூப்கான் தோன்றும் பக்கங்களில் நம் ஆர்வம் சற்றுத் தளர்கிறது. அவர் சொல்வதெல்லாம் நமக்கு உடன்பாடே. ஆயினும் அவர் ஒரு கொள்கையின் குரலாகவே நிற்கிறார். முதலாளிக்குக் கிடைத்த இரத்தமும் சதையும் அவருக்குக் கிடைக்கவில்லை. மீரான் பேச்சில் திளைக்கும்போது கொடியவனுக்கும் நியாயம் செய்கிறார். போதிக்க விரையும்போது நல்லவனுக்கும் நியாயம் செய்யத் தவறுகிறார். அவருடைய பெண்கள் பெரும்பாலும் துன்புறுவதற்கே வருகின்றனர் என்பதும், ஒரே வார்ப்பில் அமைந்த வீழ்ச்சி நாவலுக்கு நாவல் திரும்ப வருகிறது என்பதும் சொல்லத்தக்க குறைகளே.

வைக்கம் முஹம்மது பஷீரோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 1951இல் வெளிவந்த அவருடைய யானைக் கதையில், தன் முன்னோருக்கு யானை இருந்தது என்று ஓயாது பெருமை பேசுகிறாள் ஒரு தாய். முடிவில் அது வெறும் குழியானை என்று பிள்ளைகள் கேலி செய்கின்றனர். குலப்பெருமை என்னும் நோய் இருவருக்கும் ஒன்றே. பஷீர் அதனைச் சிரித்துக் கலைத்துவிடுகிறார்; அவருடைய குஞ்ஞுபாத்துமாவுக்கு நல்வாழ்வும் வாய்க்கிறது. மீரான் சிரிக்க வைத்தே வீட்டை இடித்துத் தள்ளுகிறார். மரியம் பீவிக்கு வாசல் திறப்பதில்லை. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. இரண்டையும் மகிழ்ந்து வாசித்தவருக்கே இவ்வேறுபாட்டின் எடை தெரியும் என்பதே நாம் கூற வருவது.

இச்சீமைக்கு இரசனை புதிதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள வண்ணார்பேட்டையில் தம் இல்லத்து வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிக் கம்பனை அணு அணுவாகச் சுவைத்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954). அங்கே சுவைக்கப்பட்டது பெரும்பாலும் கவிதை. சமுதாயத்தை மறந்த சுவை என்று அதனைப் பின்வந்தோர் குறைகூறினர். மறுபுறம், 1968இல் 'தமிழ் நாவல் இலக்கியம்' எழுதிய ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி நாவலைச் சமுதாய வரலாற்றின் விளைவாக ஆராய்ந்தார். அவ்வழியில் நாவல் பெரும் மதிப்புப் பெற்றது. ஆனால் அவ்வழி சென்ற பலரிடம் வாசிப்பின் மகிழ்ச்சி பேசப்படாமலேயே போயிற்று. தமிழ் முஸ்லிம் வாசகருக்கு இவ்விரண்டோடு மூன்றாவதாகத் தணிக்கைப் பென்சிலும் சேர்ந்துகொண்டது. வட்டத்தொட்டியின் செவியையும் கைலாசபதியின் கண்ணையும் ஒருசேரப் பெற்று, பென்சிலைக் கீழே வைப்பதே நமக்கு ஏற்ற நெறி என்று தோன்றுகிறது.

முடியாத விடுமுறை

இவை யாவும் ஏட்டளவிலான விவாதம் அன்று. விடுமுறை என்னும் சொல் நம் வீடுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தந்ததில்லை. ஜூன் பிறந்ததும் பையன்களின் விடுமுறை முடிந்தது. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு விடுமுறை முடியவே இல்லை. தம்பிமார் வாசித்துப் போட்ட பாதி நாவல்களே அவர்களுக்கு எஞ்சின. துவரங்குறிச்சியில் பதின்ம வயதிலேயே பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்ட சல்மாவுக்கு, தேடித் தேடி வாசித்த நூல்களே பள்ளிக்கூடமாயின. அப்பெண்கள் வாசித்தது களைப்பு நீங்குவதற்காக அன்று. அடுப்படிக்கும் அறைக்கும் அப்பால் ஓர் உலகம் உண்டு என்று அவர்களுக்குச் சொன்ன ஒரே குரல் அது. அந்தப் புத்தகங்களைப் பிடுங்கியவர்கள் வீண்பொழுதைத் தடுத்ததாக எண்ணினர். உண்மையில் தடுத்தது எதனை என்பதை இன்று நாம் அறிவோம்.

காலம் மாறியிருக்கிறது. நம் பெண்கள் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இல் பாளையங்கோட்டையில் தோன்றியபின், இவ்வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் முதல் பட்டதாரிகள் உருவாயினர். ஆனால் பட்டம் பெற்றவர் யாவரும் வாசகர் ஆகிவிடவில்லை. நுழைவுத் தேர்வுப் பயிற்சி கோடையை விழுங்கிவிட்டது. எஞ்சியதைக் கைபேசி விழுங்குகிறது. பென்சில் பிடித்துக் குற்றம் காண்பதற்குக்கூட நாவல் வாசிப்போர் குறைந்து வருகின்றனர். அன்று தடை செய்ய ஆள் இருந்தது. ஆகவே ஆசையும் இருந்தது.

செய்யத்தக்கது பெரிதொன்றும் இல்லை. கோடைக்கால தீனிய்யாத் வகுப்பு நடைபெறும் பள்ளிவாசல்களை ஒட்டிய நூலகங்களில் ஓர் அலமாரி நாவல்களுக்கென ஒதுக்கப்படலாம். சித்திலெப்பையும் சித்தி ஜுனைதாவும் மீரானும் சல்மாவும் அதில் இருக்கட்டும், புதுமைப்பித்தனும் வண்ணநிலவனும் இருக்கட்டும், பஷீரும் இருக்கட்டும். எடுத்துச் செல்லும் பிள்ளையிடம் கட்டுரை கேட்க வேண்டாம், பரிசும் வேண்டாம். வீட்டில் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் பழைய முறை ஒரு வாரத்திற்காவது திரும்பி வரட்டும். கேட்பவர்களுள் ஒருவர் என்றேனும் ஒருநாள் நாற்காலியில் சந்தூக்கைக் காணக்கூடும்.

தோப்பில் முஹம்மது மீரான் 2019ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், ரமழானின் தொடக்க நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமையன்று நெல்லையில் மறைந்தார். பிள்ளைகளுக்கு அது விடுமுறைக் காலம். அவ்வாண்டுக் கோடையில் இவ்வூரில் எத்தனை பேர் அவருடைய நாவலொன்றைக் கையில் எடுத்தனர் என்பதை எவரும் கணக்கிட்டதில்லை. நம் அளவில், அந்த ரமழானின் பகல் ஒன்றில் 'சாய்வு நாற்காலி'யை மீண்டும் திறந்தோம். உரக்க வாசித்துக் காட்ட அந்த மூதாட்டி இல்லை. ஆயினும் சிரிப்பு வந்த இடங்களில் சிரித்தோம். அதபுப் பிரம்பு வரும் பக்கத்தில் சற்று நின்றோம். அச்சொல்லின் மறுபாதி நம் கையில் புத்தகமாக இருந்தது. பிள்ளைகளுக்கு எந்தப் பாதியைக் கொடுக்கப்போகிறோம் என்பதை ஒவ்வொரு கோடையும் நம்மிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.